ஏனுங்கக்கா

கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒருவரைக் கூப்பிடவும் அதுதான், காரணம் கேட்கவும் அதுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு இது பிடிபடச் சில மாதங்கள் ஆயின. ஆனால் அந்த அக்காவின் வாயிலிருந்து வரும்போது மட்டும் உள்ளூர்க்காரர்களுக்கே பிடிபடாது. கூப்பிடுகிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு ஏனுங்கக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், “ஏனுங்க டீச்சர், எதுக்குங்க இதெல்லாம்?” என்று போன் வரும். பதில் சொல்லி முடியாது.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு வகுப்பறைகள், ஒரு சத்துணவுக் கூடம், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனதால் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. காலையில் நான் பஸ் இறங்கி நடந்து வரும்போது எதிரே மெட்ரிக் பள்ளி வேன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள், சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர்களின் பிள்ளைகள், எல்லாரும் டை கட்டிக்கொண்டு அதில் இருப்பார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் காலனிப் பிள்ளைகளும், வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும்தான். வருடா வருடம் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இந்தப் பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது.

பள்ளியின் வரவு செலவைப் பார்க்க ஊரில் ஒரு கல்விக் குழு இருந்தது. அந்தத் தடவை மட்டும் அதற்கு ஒரு பெண்ணைத் தலைவராகப் போடுங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் ஒருவர் உண்டு. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர்தான் இந்த அக்காவைக் கைகாட்டினார். அக்காவுக்கு அவர் மாமா முறை.

“நம்ம அம்மிணியே இருக்கட்டும். கையெழுத்துப் போடற எடத்தக் காட்டினாப் போட்டுருவா” என்றார்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டை ஒட்டிய ஷெட்டில் கணவரும் அவரும் தையல் மெஷின்கள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்தார்கள். எப்போது பார்த்தாலும் புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். கணவரையும் ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் எல்லா மனைவிமாரும் அப்படித்தான். அவருடைய கணவர் மட்டும் கொஞ்சம் பயத்தோடு திரும்புவார்.

முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை மத்தியானம் நடந்தது. பெரிய தோட்டத்துக்காரர், இன்னும் மூன்று பெரியவர்கள், நான், அக்கா. நான் தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க டீச்சர், கூட்டம் இவ்வளவுதானுங்களா? படிக்கற புள்ளைகளோட அப்பா அம்மா ஒருத்தருமே காணமுங்களே?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும் சொல்லிட்டோம்க்கா. யாரும் வர மாட்டாங்க.”

“கம்பெனி ஓடற நேரத்துல கூட்டம் போட்டா எப்பிடிங்க வருவாங்க? எங்க ஷெட்டுல தெக்கறவங்களையே நானு இப்ப உட மாட்டனுங்களே.”

பெரிய தோட்டத்துக்காரர் சிரித்தார். “அதுக்காவ ஞாயித்துக்கெழமையா கூட்டம் போடுவாங்க?”

“ஏனுங்க மாமா, போட்டா என்னுங்க?”

எனக்கு எரிச்சல். ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைத்து, தலைக்குக் குளித்து, திருப்பூர் போய் ஒரு சினிமா பார்க்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. “டீச்சருக்கு அதுக்குப் பதலா வேற ஒரு நாள் லீவு தரச் சொல்லி ஆபீசரக் கேட்டுப்போடலாமுங்க” என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே உதவிக் கல்வி அலுவலர் முன்னால் போய் நின்று கேட்டே விட்டார். இப்படி ஒரு குழுத் தலைவர் வந்து ஆசிரியருக்காக விடுமுறை கேட்டதை அந்த அலுவலர் அதுவரை பார்த்ததில்லை. விடுமுறை கிடைத்தது.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு கூட்டம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் கறி எடுக்கப் போகிறவர்கள் பையோடு அப்படியே பள்ளிக்குள் வந்து உட்காருவார்கள். “கறி அடுப்புல ஏறுறதுக்குள்ள முடிச்சரோணுமுங்க டீச்சர்” என்பார் அக்கா. கூட்டங்களைச் சுருக்கமாக நடத்த எனக்குச் சொல்லித்தந்தது ஆட்டுக்கறிதான்.

பள்ளிக்கு மானியம் வந்தபோது, எதற்கு எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம் என்பதை வெளிச்சுவரில் எழுதிப்போடச் சொன்னார்.

“அப்படி ரூல் இல்லக்கா” என்றேன்.

“எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா?”

“அதுவும் இல்ல.”

“அப்பறம் என்னுங்க.”

எழுதினோம். ரோட்டில் போகிறவர்களெல்லாம் நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் தம் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கழிப்பறைக் கதவுக்கு வந்த பணம் என்று எழுதியிருந்ததை ஒருவர் படித்துவிட்டு, நேராக உள்ளே போய்க் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் முன்பு வரை அந்தப் பள்ளிக்கு எது வந்தது, எது போனது என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

செயல்வழிக் கற்றல் வந்த புதிது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் படிக்க வேண்டும். ஊரில் பெரிய புகார். டீச்சர் பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகள் சீட்டு விளையாடுகிறார்கள் என்று. ஒருநாள் காலை அக்கா வந்தார். புகாரை என்னிடம் கேட்பார் என்று நான் விளக்கமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அவருக்கு அட்டையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் தப்புத் தப்பாகச் செய்ய, அவன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் புகார் எழுந்தபோது அவர் சொன்னார். “நானு உக்காந்து பாத்தனுங்க. புள்ளைக நம்ம மொகத்தப் பாத்துப் பயந்துக்காம படிக்குதுக. நீங்களும் ஒரு நாளு வந்து உக்காந்து பாருங்க. அப்பறமும் கொறை இருந்தா அன்னிக்குக் கேளுங்க.” நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தும் பார்த்தார்கள். புகார் நின்றது.

பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் வரிசையாக லைன் வீடுகள். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்த சில குடும்பங்கள், எல்லாரும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அங்கே பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இல்லாவிட்டால் வாசலில் பனியன்களைக் குவித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பிள்ளைகளைச் சேர்த்தால் பள்ளி பிழைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அழைத்தால் வருவார்களா, வந்தால் ஊர் ஒத்துக்கொள்ளுமா என்ற தயக்கம். அக்கா ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். “ஏனுங்க, புள்ளய ஏனுங்க அனுப்பல?” எல்லா வாசலிலும் அதே கேள்விதான். கோபம் இருக்காது. பதில் வரும்வரை நிற்பார். அவ்வளவுதான்.

பதில்கள் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. சான்றிதழ் சொந்த ஊரில் கிடக்கிறது. தமிழ் தெரியாது. கைக்குழந்தைகளை அங்கன்வாடியில் விட அவர் ஏற்பாடு பண்ணினார். சான்றிதழ் இல்லாமல் சேர்க்க நான் ஏற்பாடு பண்ணினேன். அடுத்த கூட்டத்தில் பெரிய தோட்டத்துக்காரர் எழுந்தார்.

“வெளியூர்ச் சனம் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். அதுகளுக்காவ நம்ம ஊர்ப் பள்ளிக்கோடத்தக் கெடுக்கோணுமா அம்மிணி?”

“மாமா, கம்பெனில பனியன் தெக்கறப்ப வெளியூருன்னு பாக்கறோமுங்களா? அப்பறம் படிக்கறப்ப மட்டும் ஏனுங்க?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு கேள்வி கேட்ட அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி திருப்பிக் கேட்டாள். லைன் வீட்டுக்காரி. மதுரைப் பக்கம். கம்பெனியில் செக்கிங் வேலை. அன்றைக்கு அக்கா ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். “நம்ம பள்ளிக்கோடத்த நாமளே நம்பலீன்னா ஆருங்க நம்புவாங்க?” என்று கேட்டு முடித்தார். அந்தப் பெண் கைக்குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்கிறாதீக. ஒங்க மக எங்கிட்டுப் படிக்கிது?”

அக்காவுக்கு ஒரே மகள். நாலாம் வகுப்பு. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு வேனில் போவது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“அவிநாசிலங்க. இங்கிலீஷ் மீடியம்.”

“ஏன்க்கா?”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. “தெரியலீங்க” என்றார் அக்கா. “யோசிச்சுச் சொல்றனுங்க.”

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாற்றுச் சான்றிதழோடு வந்து நின்றார். மகள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் அக்காவைத் தனியாக அழைத்துப்போனேன்.

“வேண்டாம்க்கா. வருசத்துக்கு நடுவுல. பிள்ளை படிப்புக் கெட்டுப்போயிரும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க டீச்சர், அப்ப இத்தன புள்ளைகளுக்கும் நீங்க சொல்லித்தர்றது உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?”

நான் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். அன்று முதல் ஒரு நாள்கூட நான் தயார் செய்யாமல் வகுப்புக்குள் போனதில்லை. ரோஷம்தான். வேறென்ன?

மத்தியானம் சத்துணவு மணி அடித்தது. மகள் தட்டோடு எழுந்திருக்கவில்லை. அக்கா போகாமல் அங்கேயே இருந்தார். காலனிப் பிள்ளைகளும் லைன் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வரிசையில் போய் உட்கார்ந்து, ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரியான எனக்கே தெரியும். சாப்பாட்டு ஆயா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மகள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பசிதான் ஜெயித்தது.

மூன்றாம் நாள் அக்காவின் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். சாது மனிதர். அன்றைக்கு முகம் கறுத்திருந்தது.

“டீச்சர், புள்ளயக் கூட்டிட்டுப் போறனுங்க.”

யாரோ ஷெட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்றார் கணவர், என்னைப் பார்க்காமல். “அந்தப் புள்ளைகளோட பாயில உக்கார வெச்சுட்டீங்களாமான்னு எம்பட மூஞ்சிக்கு நேராக் கேக்கறாங்க.”

“அந்தப் புள்ளைகளோட அம்மாக்க தெச்சுக் குடுத்துத்தானுங்க நம்ம ஊட்டுல சோறு வேகுது.”

“அது தொழிலு. இது வேற.”

“ஏனுங்க வேற?”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “பரீட்ச முடியறவரைக்கும் மட்டும் உடுங்க. அதுக்கப்பறம் அவளே வேண்டாம்னா நானே வேன்ல ஏத்தி உட்டர்றேன். மறுக்கா கேக்க மாட்டேன்.”

அவர் கொஞ்ச நேரம் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பிள்ளை அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் என்னிடம், “எங்கம்மாவுக்கு என்னைய விட இந்த ஸ்கூலுதான் பெருசுங்க மிஸ்” என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் முந்தானையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். “அவளுக்கு அப்பிடித்தானுங்க தெரியும். நானும் என்னைய அதையேதானுங்க கேட்டுட்டு இருக்கறேன்” என்றார். கண் நிறைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்று எனக்கும் அவர்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. ஒரு ஊருக்குப் பதில் சொல்ல ஒரு சின்னப் பெண்ணை ஏன் இழுக்க வேண்டும் என்று.

மகளை மீட்டது நானோ அவள் அம்மாவோ இல்லை. கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட மதுரைக்காரியின் மூத்த பெண். வயதில் பெரியவள், பிசிறு வெட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவள். தமிழை எழுத்துக்கூட்டாமல் மடமடவென்று படிப்பாள். இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. அக்காவின் மகள் நேர்மாறு. இங்கிலீஷில் பாட்டெல்லாம் பாடுவாள், தமிழ்ப் பத்தி ஒன்றைப் படிக்கத் திணறுவாள். இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து அட்டைகளை மாற்றிக்கொண்டன. மாசி போய்ப் பங்குனி வருவதற்குள் இரண்டையும் பிரித்து உட்கார வைக்க வேண்டிய அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டது.

பரீட்சை முடிந்தது. அக்கா வாக்குத் தவறவில்லை. என் முன்னாலேயே மகளைக் கேட்டார். “கண்ணு, வர்ற வருசம் வேன்ல போறியா?”

மகள் யோசித்தாள். “இங்கயே இருக்கறேன். ஆனா நீ அடிக்கடி ஸ்கூலுக்கு வரக் கூடாது.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. “செரீங்க” என்றார் மகளைப் பார்த்து, ஏதோ அதிகாரியிடம் சொல்வதுபோல.

ஜூனில் பள்ளி திறந்தபோது, வேனில் போய்க்கொண்டிருந்த சில வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். மூடுகிற பேச்சு அதோடு ஒழிந்தது. அந்த வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தபோது, அதிகாரி எங்கள் பிள்ளைகளிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்தார். படித்தார்கள். ஒடிசாக்காரர் மகன் ஒருவன், தமிழ் கற்று ஒரு வருடம்கூட ஆகாதவன், நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, புரியாத ஒரு சொல்லுக்கு அதிகாரியிடமே அர்த்தம் கேட்டான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். மூட இருந்த பள்ளிக்கு! அன்று நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். பையன்கள் பஸ் ஏறி அவிநாசி போவார்கள். பெண்கள் பலர் பிசிறு வெட்டப் போவார்கள். நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினால் எட்டு வரை இங்கேயே படிக்கலாம். திருப்பூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் கோயமுத்தூர் போக வேண்டும். நானும் அக்காவும் எத்தனையோ தடவை போனோம். “நாளைக்கு வாங்க” என்பார் அலுவலகத்துக்காரர். “ஏனுங்க, நாளைக்கு வந்தா முடிஞ்சிருக்குமுங்களா, இல்ல நாளான்னிக்கு வரச் சொல்லுவீங்களா? நாளான்னிக்குன்னாச் சொல்லுங்க, பஸ் காசு மிச்சமாகும்” என்பார் அக்கா, மகா பணிவாக. அந்த அலுவலகத்துக்காரர் திணறிப்போய் அன்றைக்கே உள்ளே அனுப்பிவிடுவார்.

எல்லாம் கூடி வந்து, இடத்தில் போய் நின்றது. கூடுதல் வகுப்பறை கட்ட நிலம் வேண்டும். பள்ளியை ஒட்டிய காலி இடம் பெரிய தோட்டத்துக்காரருடையது. அக்கா அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். சில நாள் நானும் கூடப் போனேன்.

“இல்லீன்னு சொன்னாக் காதுலயே உழுகாதா அம்மிணி உனக்கு?”

“உழுகுதுங்க மாமா. அதுக்கப்பறந்தானுங்க மறுக்காக் கேக்கறேன்.”

ஒருநாள் அவர் இறங்கி வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “எடம் தர்றேன். எங்கப்பம் பேர்ல கல்லு வெக்கோணும்” என்றார்.

“ஆகட்டுமுங்க.”

“இன்னொண்ணு. நீ தலைவர் பதவிய உட்டு எறங்கிரோணும். எம்பையன் இருக்கட்டும்.”

அவர் முகத்தைப் பார்த்தால், அக்கா கெஞ்சுவார் அல்லது எழுந்து போவார், இரண்டில் எது நடந்தாலும் தனக்கு வெற்றிதான் என்று காத்திருப்பது தெரிந்தது. அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“செரீங்க மாமா. ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஞாயித்துக்கெழமைக் கூட்டத்த மாத்தப்படாது. அதைய மட்டும் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிப்போடுங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதானுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். கட்டியெழுப்பியவர் நீங்கள், பெயர் அவருக்கா, நாற்காலி அவர் மகனுக்கா என்று. அக்கா நடையைக் குறைக்காமல் சொன்னார். “டீச்சர், ஆறாவது ஆரம்பிக்கறப்ப எம்பொண்ணு அதுல உக்காரோணும். நாற்காலில நானு உக்காந்தா என்னுங்க, எறங்கினா என்னுங்க?”

அடுத்த ஞாயிறு பெரிய தோட்டத்துக்காரர் எல்லார் முன்னாலும் நிலத்தையும் அறிவித்தார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாறாது என்றும் உறுதி சொன்னார். அவர் மகன் தலைவரானான். கம்பெனி முதலாளி, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறவன். முதல் கூட்டத்தில் வரவு செலவை ஓட்டமாக வாசித்துவிட்டு எழப்பார்த்தான். கறிப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழ விடவில்லை. மணல் எங்கிருந்து வருகிறது, ஜன்னலுக்கு ஏன் கம்பி இல்லை, லைன் வீட்டுப் பக்கம் வாசல் வைத்தால் என்ன என்று வரிசையாகக் கேட்டார்கள். அக்கா கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் அன்றைக்கு வியர்த்துப்போனான். ஆனால் கெட்டவன் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி வந்தது. லைன் வீட்டுப் பக்கம் வாசலும் வந்தது.

கட்டடம் முடிந்து திறப்பு விழா. அன்றே ஆறாம் வகுப்புச் சேர்க்கை. அக்கா மகளோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் அந்த மதுரைக்காரி, தன் மூத்த பெண்ணோடு. கல்வெட்டில் பெரிய தோட்டத்துக்காரரின் அப்பா பெயர் பளபளத்தது. அவர் வெள்ளை வேட்டி கட்டி, பட்டுத் துண்டு போட்டு வந்திருந்தார். கூட ஒரு பேரன். அதுவரை அவிநாசி வேனில் போனவன். மேடைப்பக்கம் போவார் என்று பார்த்தேன். வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் வரச் சொல்லி யாரோ வழிவிட்டபோது, “இருக்கட்டுங்க” என்று அங்கேயே நின்றார். அவர் முறை வந்ததும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “டீச்சர், எங்க பையனுக்கு ஒரு எடம் வேணுமுங்க” என்றார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருவரிடம் எதையாவது வேண்டும் என்று கேட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது.

நான் அக்காவைத் தேடிப் பார்த்தேன். அவர் மகளைச் சேர்த்த கையோடு கிளம்பிவிட்டிருந்தார். ஷெட்டில் அன்று சரக்கு அனுப்ப வேண்டும். விழாச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. புதுக் கட்டடத்தைத் தாண்டி, லைன் வீட்டு வாசல் வழியாக வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த கல்வி அலுவலர் என் பக்கத்தில் நின்றிருந்தார். வரிசையில் நின்றவர்களெல்லாம் அந்த அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசாமல் நகரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார்.

“அந்தம்மா யாரு? கமிட்டில என்ன பொறுப்புல இருக்காங்க?”

பொறுப்பு ஒன்றும் இல்லை. கல்லில் பெயரும் இல்லை. நான் என்ன சொல்வது? ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்கே நிமிர்ந்து கேட்டது.

“எங்க பள்ளிக்கூடத்துல படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா, சார்.”